பல் உடைந்தால் துண்டைத் தேடுங்கள், கிராம்புத் தைலத்தை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி இதுதான்: "என் பையனுக்கு 9 வயது. இன்று சனிக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் ஓடும்போது தடுக்கி விழுந்து, மேல் முன்பல்லின் ஓரம் சாய்வாக உடைந்துவிட்டது. பால் பல் விழுந்து முளைத்த நிலைப்பல். ரத்தம் நின்றுவிட்டது. பெரிதாக வலி இல்லை என்கிறான், ஆனால் தண்ணீர் குடித்தால் சுள்ளென்று கூசுகிறதாம். துண்டு கிடைத்தது, டிஷ்யூவில் சுற்றி வைத்திருக்கிறேன். கிராம்புத் தைலம் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். திங்கட்கிழமை வரை பொறுக்கலாமா? உடைந்த இடம் வளருமா?"

முதலில் எழுந்து போய், அந்தத் துண்டை டிஷ்யூவிலிருந்து எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

போட்டாயிற்றா? சரி. பல்லுக்குள் ஈரம் உண்டு. வெளியே கிடந்து காய்ந்தால் துண்டு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போகும். அதை ஒட்டினால் நிறமும் பக்கத்துப் பல்லோடு சேராது, பிடிப்பும் குறையும். ஈரமாக இருக்கும் துண்டை அதே இடத்தில் ஒட்ட முடியும். பையனுடைய சொந்தப் பல்லின் பளபளப்பும் வடிவமும் அப்படியே திரும்பக் கிடைக்கும். எந்த சிமெண்டும் அதற்கு ஈடாகாது. இவ்வளவு நேரம் டிஷ்யூவில் காய்ந்ததால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஒட்டுவதற்கு முன் ஒரு 20 நிமிடம் தண்ணீரிலோ சலைனிலோ ஊறவைப்பது பல் மருத்துவர்களான எங்கள் வழக்கம்தான். துண்டைத் தேய்க்காதீர்கள், டெட்டால், சானிடைசர் எதிலும் போடாதீர்கள். குடிக்கிற தண்ணீர் போதும், பால் இருந்தால் பால்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னிடம் வருகிற பத்துப் பேரில் பாதிப் பேர் துண்டு இல்லாமல்தான் வருகிறார்கள். பெருக்கித் தள்ளிவிட்டோம் என்பார்கள். ஒரு பாட்டி, பால் பல்லைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிகிற பழக்கத்தில், உடைந்த நிலைப்பல்லின் துண்டையும் ஓட்டின் மேல் வீசிவிட்டு வந்திருந்தார். பால் பல்லுக்கு அந்தச் சாங்கியம் இருக்கட்டும். நிலைப்பல்லின் துண்டு டம்ளருக்குத்தான் போக வேண்டும்.

இனி பல்லை மறந்துவிட்டுப் பையனைப் பாருங்கள். படியில் விழுந்தவனுக்குத் தலையிலும் அடிபட்டிருக்கலாம். விழுந்ததும் கொஞ்ச நேரமாவது நினைவில்லாமல் கிடந்தானா, வாந்தி எடுத்தானா, சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கிறானா, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறானா, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் போல ஏதாவது வடிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டர் தேவையில்லை, 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல் காத்திருக்கட்டும். அடுத்து வாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள். திறக்க முடியவில்லை, அல்லது கடிக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்பு போலச் சேரவில்லை என்றால் தாடை எலும்பில் விரிசல் இருக்கக்கூடும். அதுவும் இன்றைக்கே பார்க்க வேண்டியதுதான். குறிப்பாக மோவாயில் வெட்டுக்காயம் இருந்தால் இதைக் கவனியுங்கள். மோவாய் தரையில் மோதும் அடி, காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டில் போய் இறங்கும்.

அப்புறம் உதடு. துண்டும் உடைந்த பல்லும் சேர்ந்து முழுப் பல்லின் அளவுக்கு வருகிறதா என்று கண்ணளவில் ஒப்பிட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் மீதி எங்கே என்ற கேள்வி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பையனை உதடு வீக்கம் இறங்கவே இல்லை என்று கூட்டி வந்தார்கள். விழுந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. காயம் வெளியே ஆறிவிட்டது. கீழுதட்டை இரண்டு விரலால் பிடித்து உருட்டிப் பார்த்தபோது அரிசி மாதிரி ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. உதட்டுக்குள் பக்கம் ஃபிலிமை வைத்து எக்ஸ்ரே எடுத்தோம். முன்பல்லின் முனை அங்கேதான் இருந்தது. உதட்டில் வெட்டு இருந்து, துண்டும் கணக்குக்கு வரவில்லை என்றால் இதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். தையல் போடும் அவசரத்தில் யாரும் உதட்டைத் தடவிப் பார்ப்பதில்லை.

விழுங்கியிருந்தால் பயமில்லை, வயிற்றில் போய் வெளியேறிவிடும். மூச்சுக்குழாயில் போயிருந்தால்தான் ஆபத்து. அடிபட்டதிலிருந்து விடாத இருமல், மூச்சில் விசில் சத்தம், மூச்சுத் திணறல் இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும், அதுவும் உடனே.

ரத்தம் உங்கள் பையனுக்கு நின்றுவிட்டது. நிற்காதவர்களுக்கு: வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாகக் கொப்பளித்துவிட்டு, சுத்தமான காஜ் துணியையோ துவைத்த கைக்குட்டையையோ மடித்து, ஈறின் மேல் வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்ப்பதால்தான் நிற்காமல் போகிறது. உதடு வீங்கினால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வெளியிலிருந்து ஒத்தடம் கொடுங்கள். கூசுகிற பல்லின் மேல் ஐஸ் வைக்காதீர்கள், பையன் வீட்டையே இரண்டாக்கிவிடுவான்.

இப்போதுதான் முக்கியமான சோதனை. திங்கட்கிழமை வரை பொறுக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு விடை அந்தப் பல்லிலேயே இருக்கிறது. பையனை மல்லாக்கப் படுக்கவைத்து, செல்போன் டார்ச்சை அடித்து, ஈரப் பஞ்சால் உடைந்த இடத்தை ஒரு முறை ஒற்றி எடுங்கள். உடைந்த முகத்தைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். என்ன நிறம் தெரிகிறது?

முழுக்க வெள்ளையாக, கண்ணாடி உடைந்த மாதிரி இருந்தால் உடைந்தது பல்லின் மேல் ஓடான எனாமல் மட்டும். எனாமலில் நரம்பு கிடையாது, ரத்தம் கிடையாது, அதனால் வலியும் கிடையாது. ஓரம் கூராக இருந்து நாக்கையோ உதட்டையோ கிழிக்கும், அவ்வளவுதான். இந்த வாரத்துக்குள் போய்க் காட்டினால் போதும். சில சமயம் வழவழவென்று தேய்த்துவிட்டாலே வேலை முடிந்துவிடும்.

சுற்றிலும் வெள்ளைக் கோடு, நடுவில் வெளிர் மஞ்சளாக ஒரு பரப்பு தெரிந்தால் அது டென்டின், எனாமலுக்கு அடியில் இருக்கிற அடுக்கு. உங்கள் பையன் தண்ணீருக்குக் கூசுகிறான் என்பதால் அநேகமாக அவனுக்கு இதுதான். டென்டின் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரோ காற்றோ பட்டால் அந்தத் திரவம் அசையும், அசைவு உள்ளே இருக்கும் நரம்புக்குப் போய்ச் சேரும். அதுதான் கூச்சம். கூச்சத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர் போகிற அதே வழியில்தான் கிருமியும் போகும். சின்னப் பிள்ளைகளின் பல்லில் இந்தக் குழாய்கள் அகலமானவை, நரம்பு அறையும் பெரியது, இடைவெளி குறைவு. அதனால் மஞ்சள் தெரிந்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் மூடியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிற பல் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் நாளைக்கே போங்கள். இல்லையென்றால் திங்கள் காலை முதல் ஆளாகப் போங்கள். புதன், வியாழன் என்று தள்ளாதீர்கள்.

மஞ்சளுக்கு நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, அல்லது ஒற்றியெடுத்த பிறகும் அந்த இடத்திலிருந்தே ரத்தம் துளிர்த்தால் நரம்பு வெளியே தெரிகிறது என்று பொருள். (நாங்கள் பல்ப் என்போம், அது நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த சதை. வீட்டில் எல்லோரும் நரம்பு என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.) ஈறிலிருந்து வழிந்த ரத்தத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், இன்னொரு முறை ஒற்றிவிட்டுப் பாருங்கள். ஊசி, குச்சி எதையும் வைத்துக் குத்திப் பார்க்க வேண்டாம். சிவப்பு என்றால் இரவானாலும் யாரையாவது தொலைபேசியில் பிடித்து, முடிந்தவரை அன்றைக்கே, அதிகம் போனால் மறுநாள் போய்ச் சேருங்கள்.

சிவப்பைப் பார்த்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "ரூட் கேனால் பண்ணணுமா டாக்டர்?" 9 வயதில் பெரும்பாலும் வேண்டாம். இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பையனின் பல் பல வருடங்களுக்குத் தப்பும்.

மேல் முன்பல் 7, 8 வயதில் முளைக்கும். வெளியே முழுப் பல்லாகத் தெரிந்தாலும் உள்ளே வேர் முடிந்திருக்காது. நுனி புனல் மாதிரி திறந்திருக்கும், சுவர் மெல்லிசாக இருக்கும். வேர் நீண்டு, தடித்து, நுனி மூடுவதற்கு 10 வயது ஆகிவிடும். அந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் நரம்புச் சதைதான். இப்போது ரூட் கேனால் செய்து அதைச் சுத்தமாக எடுத்துவிட்டால் வேர் அரைகுறையாக அப்படியே நின்றுவிடும், பின்னால் சின்ன அடிக்கே முறியும். நல்ல வேளையாக, அகலமாகத் திறந்திருக்கிற அந்த நுனி வழியாக ரத்த ஓட்டமும் தாராளமாக வருகிறது, அதனால் ஆறும் சக்தியும் அதிகம். ஸ்வீடனில் மியோமிர் ஸ்வெக் என்ற பல் மருத்துவர் இதைச் செய்து காட்டினார். அடிபட்டு நரம்பு தெரிந்த முன்பற்களில், மேலாக 2 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் சதையை எடுத்துவிட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடினார். 1978-இல் அவர் வெளியிட்ட கணக்கில் 60 பற்களில் 96 சதவீதம் ஆறியிருந்தன. சில பற்கள் அடிபட்டு நாள் கணக்கில் கழித்து வந்தவை. இன்றைக்கு மருந்து மாறியிருக்கிறது, எம்டிஏ என்கிற சிமெண்ட் போன்றவை வந்துவிட்டன. முறை அதேதான், பெயரும் அவர் பெயர்தான். ஆகவே டாக்டரிடம், "வேர் முடிந்துவிட்டதா? நரம்பை உயிரோடு வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேளுங்கள். குழந்தைகளுக்கான பல் மருத்துவர் ஊரில் இருந்தால் அவரிடமே போவது நல்லது.

சரி, இன்று ராத்திரி என்ன செய்வது? பல்லை எப்படியாவது மூடிவைக்க முடிந்தால் கூச்சம் பாதி குறையும். பல்லுக்குக் கம்பி போட்டவர் யாராவது வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால் அவரிடம் ஒரு சின்ன மெழுகு டப்பா இருக்கும், கம்பி குத்தாமல் இருக்க ஒட்டிக்கொள்வது. அதில் கொஞ்சம் எடுத்து உருட்டி, பல்லைத் துடைத்துவிட்டு உடைந்த ஓரத்தில் அழுத்திவிடுங்கள். பெரியவர்கள் சர்க்கரை இல்லாத சூயிங்கம்மை மென்று ஒட்டிக்கொள்ளலாம். பிள்ளைக்கு அதைச் சொல்ல மாட்டேன். மெழுகானாலும் தூங்கப் போகும்போது எடுத்துவிடுங்கள், தூக்கத்தில் தொண்டையில் போகலாம்.

இனி மாமியார் விஷயம். அவர் சொல்வது பொய்யில்லை. கிராம்பில் இருக்கிற யூஜினால் வலியை மரக்கடிக்கும். சொத்தைப் பல் வலிக்கு நாங்களே அது கலந்த மருந்தைத்தான் பல வருடங்களாக வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இது சொத்தை இல்லை, உடைந்த பல். இதை ஒட்டப்போவது ரெசின், அதாவது பிசின் வகைப் பசையால். யூஜினால் பட்ட இடத்தில் ரெசின் சரியாக இறுகாது. இன்றைக்கு ஒரு பஞ்சுத் தைலம் வைத்தால், நாளைக்கு நான் ஒட்டுகிற துண்டின் பிடிப்பு கெடும். போதாததற்குக் காயம்பட்ட ஈறில் அது பட்டால் எரிந்து புண்ணாகும். மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அத்தை, தைலம் வைத்தால் பசை ஒட்டாதாம்." காரணம் சொன்னால் பெரியவர்கள் பெரும்பாலும் கேட்பார்கள். சும்மா "டாக்டர் வேண்டாம்னார்" என்றால்தான் சண்டை.

உப்பு, மஞ்சள், கற்பூரம், பற்பொடி, பிராந்தியில் நனைத்த பஞ்சு இவை எதுவும் அந்தப் பல்லின் மேல் வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் ஒதுக்கிவைக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. வலி போகாது, ஈறும் கன்னமும் வெந்து வெள்ளையாகத் தோலுரியும். சூப்பர் க்ளூவால் துண்டை ஒட்டிக்கொண்டு வந்த ஒரு கல்லூரி மாணவரையும் பார்த்திருக்கிறேன். கோணலாக ஒட்டியிருந்தார். அதை எடுப்பதற்குள் துண்டு மூன்றாகிவிட்டது.

வலித்தால் பாராசிட்டமால் கொடுக்கலாம். பிள்ளையின் எடைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்கு. 6 மணி நேர இடைவெளி விடுங்கள். சிரப் பாட்டில்களில் 5 மில்லிக்கு 120, 125, 250 என்று அளவு மாறும், அட்டையைப் படிக்காமல் மூடியில் ஊற்றாதீர்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம், உடைந்த பல்லுக்கு அது எதுவும் செய்யாது. காயத்தில் மண், சாணி பட்டிருந்தால் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். ரணஜன்னிக்கும் சேர்த்து 5, 6 வயதில் போடவேண்டிய டிபிடி ஊசி விட்டுப்போயிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு இட்லி, குழைந்த ரசம் சாதம், ஆறின பால், எதுவாக இருந்தாலும் வெதுவெதுப்பாக. ஐஸ் தண்ணீரும் கொதிக்கிற காபியும் இரண்டு நாள் வேண்டாம். முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது, கொய்யாக்காயைக்கூட நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். பல் தேய்க்காமல் விட்டுவிடாதீர்கள். மெல்லிய பிரஷ்ஷால் மற்ற பற்களை வழக்கம்போலவும், அடிபட்ட இடத்தைப் பூப்போலவும் தேய்க்கட்டும். இன்னொன்று, பல் ஆடுகிறதா என்று ஆளுக்கு ஆள் விரல் வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஒரு தடவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். நன்றாக ஆடினாலோ, பல் இருந்த இடத்தைவிட்டு உள்ளேயோ வெளியேயோ தள்ளியிருந்தாலோ, பாதி ஈறுக்குள் இறங்கினாற்போல இருந்தாலோ நிறத்தைப் பற்றிய கணக்கு எல்லாம் செல்லாது. இன்றைக்கே போக வேண்டும்.

எங்கே போவது? பக்கத்தில் இருக்கிற எந்தப் பல் மருத்துவரும் முதலில் மூடிவிடுவார். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவே உண்டு.

அங்கே நடக்கப்போவதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அழ மாட்டான். முதலில் ஒரு சின்ன எக்ஸ்ரே, வேரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க. அப்புறம் நீலமாகவோ பச்சையாகவோ ஒரு ஜெல்லை உடைந்த இடத்தில் தடவுவார்கள். அது பாஸ்பாரிக் அமிலம், சுமார் 37 சதவீதம். அரை நிமிடத்துக்குள் கழுவிவிடுவார்கள். எனாமலின் வழவழப்புப் போய்ச் சொரசொரப்பாகும், பசை அதில் வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும். அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கிப் பிசினை ஒட்டலாம் என்று 1955-இல் அமெரிக்காவில் மைக்கேல் புவனகோர் எழுதியதிலிருந்துதான் இந்த வேலை எல்லாம் தொடங்கியது. அதற்கு முன்னால் முன்பல் உடைந்தால் மிச்சமிருக்கிற நல்ல பகுதியையும் சுற்றிச் சீவிக் கேப் போடுவதுதான் பெரும்பாலும் வழி. பசை தடவி, துண்டை வைத்து, நீல விளக்கை 20, 40 வினாடி காட்டினால் கல்லாக இறுகிவிடும். துண்டு இல்லாவிட்டால் பல் நிறத்திலேயே கம்போசிட் என்கிற ரெசின் கலவையை வைத்துச் செதுக்கி முனையை உருவாக்குவார்கள். இரண்டும் வாழ்நாளுக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. சில வருடங்களில் கறை ஏறும், இன்னொரு பந்து பட்டால் பெயர்ந்து வரும், திரும்ப ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். 9 வயதில் யாராவது நிரந்தரக் கேப் போடலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நரம்பு அறை பெரிதாக இருக்கும், ஈறும் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும். கேப் எல்லாம் 18 தாண்டட்டும்.

வளருமா என்று கேட்டீர்கள். வளராது. எனாமலைக் கட்டிய செல்கள் பல் வெளியே வரும்போதே உதிர்ந்துபோய்விடுகின்றன. கால்சியம் மாத்திரை, முட்டை, பால் எதுவும் உடைந்த முனையைத் திரும்பக் கட்டாது. எலும்பு கூடும், பல் கூடாது.

உங்கள் பையனுக்கு நடக்கவில்லை, ஆனாலும் இதையும் சொல்லாமல் விடமுடியவில்லை: பல் உடையாமல் வேரோடு முழுசாக வெளியே வந்து விழுந்தால் கதை வேறு. அங்கே மணிக்கணக்கு இல்லை, நிமிடக் கணக்கு. உடைந்த துண்டில் உயிருள்ள எதையும் நாம் காப்பாற்றத் தேவையில்லை, அதனால்தான் தண்ணீர் போதும் என்றேன். முழுப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும், அதன் செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் எலும்போடு திரும்பச் சேரும். அவற்றைத் தண்ணீரில் போட்டால் தண்ணீரை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும். காற்றில் காய்ந்தால் அரை மணியில் சாகத் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. ஆகவே பல்லைப் பிடிப்பது வெள்ளைப் பக்கத்தில்தான், வேரைத் தொடவே கூடாது. அழுக்கு இருந்தால் பாலிலோ, இல்லையென்றால் குழாய்த் தண்ணீரிலோ ஒரு பத்து வினாடி அலசிவிட்டு, முன்பக்கம் பின்பக்கம் பார்த்து, வந்த குழிக்குள்ளேயே மெதுவாகச் செருகிவிடுங்கள். ஒரு கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, நேரே பல் டாக்டரிடம் ஓடுங்கள். செருகத் துணிவில்லை என்றால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துப் போங்கள். பாக்கெட் பால் போதும். இளநீர் நல்லதாமே என்று கேட்பார்கள். அது புளிப்புத் தன்மை உள்ளது, பெட்டிக்கடையில் பால் கிடைக்கும்போது மரமேற வேண்டியதில்லை. பால்கூட இல்லாத இடத்தில், பையனையே ஒரு டம்ளரில் எச்சில் துப்பச் சொல்லி அதில் போடலாம். தண்ணீர் கடைசி வழி, ஆனாலும் காய்வதைவிட அது மேல். பக்கத்துப் பல்லோடு மெல்லிய கம்பி வைத்து இரண்டு வாரம் கட்டிவைப்பார்கள்.

பால் பல் வேரோடு வந்துவிட்டால் திரும்பச் செருகவே கூடாது. அதற்கு மேலே உள்ளே நிலைப்பல்லின் மொட்டு உட்கார்ந்திருக்கிறது, செருகினால் அதன் மேல் குத்தும். தத்தித் தத்தி நடக்கிற குழந்தைகள் டீபாய் முனையில் மோதிப் பால் பல்லை உடைத்துக்கொள்வார்கள். "விழப்போகிற பல்தானே" என்று விட்டுவிடாமல் ஒரு முறை காட்டிவிடுங்கள். அடி மொட்டு வரை போயிருந்தால், பின்னால் முளைக்கிற பல் வெள்ளைத் திட்டோடோ பழுப்புக் கறையோடோ வரலாம்.

பெரியவர்களுக்கு உடைவது பெரும்பாலும் கடைவாய்ப் பல். சோற்றில் கல், முறுக்கு, நல்லி எலும்பு, கொட்டைப்பாக்கு, பொங்கல் சமயத்தில் கரும்பு. பழைய வெள்ளி அடைப்பு பெரிதாக இருக்கிற பல்லும், ரூட் கேனால் செய்துவிட்டுக் கேப் போடாமல் காலம் கடத்துகிற பல்லும் முதலில் போகும். நாக்கு கிழிந்தால் மெழுகு வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் மெல்லாமல், இரண்டு மூன்று நாளில் போய்ப் பாருங்கள். துண்டு எதுவும் விழவில்லை, ஆனால் எதையோ கடித்துவிட்டுப் பல்லை எடுக்கும்போது மட்டும் மின்னல் மாதிரி வெட்டுகிறது என்றால் பல் உள்ளே கீறியிருக்கிறது. அதை விட்டுவைத்தால் ஒரு நாள் வேர் வரை பிளக்கும், அப்புறம் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

திரும்ப உங்கள் பையனிடம் வருகிறேன். ஒட்டி முடித்து, சிரித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அடியில் நரம்பு அதிர்ந்து போயிருந்தால் உடனே ஒன்றும் காட்டாது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்துத்தான் பல் சாம்பல் நிறத்துக்குப் போகும், அல்லது அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் பரு மாதிரி ஒன்று வந்து உடைந்து சீழ் வடியும். வலி இருக்கவே வேண்டும் என்பதில்லை. அதனால் 6 முதல் 8 வாரத்தில் ஒரு தடவை, ஒரு வருடம் ஆனதும் ஒரு தடவை போய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும்போது வெயிலில் நிறுத்திப் பக்கத்துப் பல்லோடு நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அடிபட்ட புதிதில், பல்லில் குளிர்ச்சியை வைத்து நரம்பு உணர்கிறதா என்று பார்க்கும் சோதனை வைத்தால் நல்ல பல்லே மூன்று மாதம் வரை பதில் சொல்லாமல் இருக்கலாம். அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து "நரம்பு செத்துவிட்டது" என்று யாராவது அவசரப்பட்டால், எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிகிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக அந்த டம்ளர். மேலே ஒரு தட்டு போட்டு மூடி, "பல் இருக்கிறது" என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். போன வருடம் ஒரு அம்மா துண்டைப் பாலில் போட்டு ஃபிரிட்ஜில் பத்திரமாக வைத்திருந்தார். விடிகாலையில் எழுந்த தாத்தா அந்தப் பாலில் காபி போட்டுக் குடித்துவிட்டார். துண்டு டம்ளரின் அடியில் இருந்தது, ஒட்டியும் கொடுத்தோம். தாத்தாதான் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.